ராட்சசனுக்கு என்ன ரேட்?

கதையில் வருகிற அரக்கனைக் கொல்வதற்கு ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். நான் அந்த அரக்கனாகவே இருந்து பார்க்கிறேனே என்று ஒருத்தர் கை தூக்கினால் என்ன செய்வது?

ஒரு விளையாட்டு ஐம்பது வருடங்களாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. பெயர், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்கிற சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்று இரண்டு பேர் சேர்ந்து எழுதியது. முதலில் அச்சடித்தது வெறும் ஆயிரம் பெட்டி. பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். விலை பத்து டாலர்.

ஆடியிராதவர்களுக்காக ஒரு நிமிடம். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருத்தர் கதை நடத்துபவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தி மந்திரவாதி, ஒருத்தன் வாள்வீரன், இன்னொருவர் திருடர். பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்களுக்கு எண்கள் உண்டு. 'கதவை உடைக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அப்புறம் என்ன ஆனது என்பதைக் கதை நடத்துபவர் சொல்வார். ஜெயித்தவர், தோற்றவர் என்று முடிவில் யாரும் கிடையாது. ஒன்றாம் லெவலில் சோப்ளாங்கியாக ஆரம்பிக்கும் பாத்திரம், அடிபட்டு மிதிபட்டு மெல்ல மெல்ல லெவல் ஏறும். அவ்வளவுதான்.

ராட்சச ஆசை விளையாட்டு பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. ஆர்னெசன் தன் நண்பர்களோடு ஆடிய பிளாக்மூர் என்கிற பழைய ஆட்டத்தில் சர் ஃபேங் என்று ஒரு ரத்தக்காட்டேரி இருந்தது. அதை இயக்கியது ஓர் ஆட்டக்காரர். காட்டேரியின் பலம் ஏறிக்கொண்டே போய், மற்றவர்கள் சமாளிக்க முடியாமல் திண்டாடியிருக்கிறார்கள். அதை அடக்கத்தான் பேயோட்டுகிற பாதிரியார் பாத்திரத்தைக் கொண்டுவந்தார்களாம். இன்று உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் எடுத்து ஆடுகிற 'கிளெரிக்' அந்தப் பாதிரியாரின் வாரிசு. ஒரே ஒரு பேராசைக்காரக் காட்டேரி செய்த உபயம்.

1974 புத்தகத்திலேயே ஒரு சின்னப் பத்தி வருகிறது. கிட்டத்தட்ட எதுவாக வேண்டுமானாலும் ஆடலாம், ஆனால் பலவீனமாகத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். டிராகனாக வேண்டுமா? தாராளமாக. ஆனால் குட்டி டிராகனாக ஆரம்பித்து மற்றவர்களைப் போலவே படிப்படியாக வளரவேண்டும். எத்தனை பெருந்தன்மை! ஐந்தே வருடத்தில் அது காணாமல் போய்விட்டது. 1979ல் வந்த கதை நடத்துபவர் கையேட்டில் இதற்கென்றே தனியாக ஒரு பகுதி ஒதுக்கி, அதே கைகாக்ஸ் வேண்டவே வேண்டாம் என்கிறார். பெரும்பாலானவர்கள் ராட்சசனைக் கேட்பது நடிப்பு ஆசையினால் அல்ல, பலத்துக்காகத்தான் என்பது அவர் கட்சி.

மனிதர் ஆளைத் தெரிந்து வைத்திருந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

இரண்டு மனப்பான்மையும் இப்படி முட்டிக்கொண்டு நிற்க, 2003ல் வந்தது 'சாவேஜ் ஸ்பீஷீஸ்'. விளையாட்டு அதற்குள் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. எந்த ராட்சசனையும் ஆட்டக்காரர் எடுத்து ஆடலாம், அதற்கு இதோ கணக்கு என்று ஒரு முழுப் புத்தகம். நான் பி.காம். படித்தவன். ராட்சசனை பேலன்ஸ் ஷீட்டில் ஏற்றிய புத்தகம் என்றால் சும்மா விட முடியுமா?

கணக்கு இதுதான். ஒவ்வொரு ஜந்துவுக்கும் பிறவியிலேயே சில உயிர்ப் பகடைகள் உண்டு. அதற்கு மேல் அதன் விசேஷ சக்திகளுக்கு ஒரு விலை போடுகிறார்கள். 'லெவல் அட்ஜஸ்ட்மென்ட்' என்று பெயர். இரண்டையும் கூட்டினால் அந்த ஜந்துவின் மொத்த மதிப்பு. ட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டினால் மறுபடி முளைக்கிற, பச்சைத் தோல் பூதம். 2003லேயே வந்த திருத்தப் பதிப்பின்படி அதற்கு ஆறு உயிர்ப் பகடை. விலை ஐந்து. ஆக ட்ரோல் என்பது பதினோராம் லெவல் ஆசாமிக்குச் சமம். பதிலுக்கு பலத்தில் பன்னிரண்டு கூடும், உடல் உறுதியில் பன்னிரண்டு கூடும், சுறுசுறுப்பில் நாலு கூடும். அறிவிலும் வசீகரத்திலும் நாலு நாலு குறையும், விவேகத்தில் இரண்டு. பட்ட காயம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து புள்ளி தானாக ஆறும். தீயும் அமிலமும் மட்டும் விதிவிலக்கு.

பார்த்தால் கொள்ளை லாபம் மாதிரித்தான் தெரியும். வவுச்சரைப் புரட்டினால்தான் விவகாரம்.

அந்த ஐந்து இருக்கிறதே, அது வெறும் காகித லெவல். அதற்கு உயிர்ப் பகடை கிடையாது. சண்டைத் திறனும் ஏறாது. பதினோராம் லெவல் வாள்வீரனுக்கு அடிப்படைத் தாக்குதல் பதினொன்று. ட்ரோலுக்கு நாலு. வீரனுக்குப் பதினோரு பத்துமுகப் பகடைகள். ட்ரோலுக்கு ஆறு எட்டுமுகப் பகடைகள். முரட்டு உடம்பு கொஞ்சம் ஈடுகட்டும், சரி. ஆனால் பதினோராம் லெவலில் எதிரே வருகிற மந்திரவாதிகள் பெரும்பாலும் தீக்கோளம் எறியத் தெரிந்தவர்கள். எந்தச் சக்திக்காக ஐந்து லெவல் தண்டம் அழுதாரோ, அந்தச் சக்தி வேலை செய்யாத இடத்தில்தான் நண்பர் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

அதைவிட மோசம், எதிர்காலம். ட்ரோலின் பலம் ஒரே தடவை போட்ட டெபாசிட். வட்டி கிடையாது. பக்கத்தில் நிற்கிற மந்திரவாதிக்கோ கூட்டுவட்டி. ஒவ்வொரு லெவலும் முந்தையதைவிடப் பெரிதாகக் கொடுத்துக்கொண்டே போகும். ட்ரோல் கடைசி வரைக்கும் ஐந்து படி பின்தங்கியே வரும். இந்தக் கொடுமை அவர்களுக்கே உறைத்திருக்க வேண்டும். 2004ல் 'அன்எர்த்ட் ஆர்கானா' என்கிற புத்தகத்தில் அனுபவப் புள்ளிகளைக் கட்டி அந்தக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கலாம் என்று ஒரு வழி விட்டார்கள். ஒரு லெவல் கடன் வாங்கியவர் மூன்று லெவல் ஏறியதுமே அடைத்துவிடலாம். ஐந்து லெவல் கடன்காரருக்கு முதல் தவணை கட்டுகிற தகுதி வருவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். சிறு கடனுக்குச் சலுகை, பெருங்கடனுக்குப் பட்டை நாமம். நம் ஊர் வங்கிகளில் நேர் எதிர் என்பது வேறு விஷயம்.

சும்மா சொல்லக்கூடாது, பதினோரு லெவல் காத்திருக்க முடியாதவர்களுக்கும் சாவேஜ் ஸ்பீஷீஸ் ஒரு வழி சொல்கிறது. ராட்சசனையே ஒரு தொழில் மாதிரி லெவல் லெவலாகக் கூறுபோட்டுக் கொடுப்பது. 1974ன் குட்டி டிராகன் திரும்ப வந்துவிட்டது, அட்டவணையோடு. யோசனை பிரமாதம். ஆனால் எல்லா ஜந்துவுக்கும் இது பொருந்துமா? மைண்ட் ஃப்ளேயர் என்று ஒன்று உண்டு. முகத்தில் நாலு விழுதுகள் தொங்கும், மூளையை உறிஞ்சித் தின்னும் பிராணி. அதற்குப் பதினைந்து லெவல் போட்டிருக்கிறார்கள். எட்டு பகடை, ஏழு விலை. விஷயம் என்னவென்றால், இந்த விளையாட்டின் புராணப்படி மைண்ட் ஃப்ளேயருக்குக் குழந்தைப் பருவமே கிடையாது. தவளைக்குஞ்சு மாதிரி ஒரு புழுவை மனிதன் தலைக்குள் விடுவார்கள். அது மூளையைத் தின்றுவிட்டு உடம்பையே உருமாற்றி, முழு மைண்ட் ஃப்ளேயராக எழுந்து நிற்கும். ஒன்றாம் லெவல் மைண்ட் ஃப்ளேயர் என்பது எது? கணக்கு சரியாக வரவேண்டும் என்பதற்காகப் புராணத்தையே தள்ளுபடி செய்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தப் புத்தகத்தின் பெரிய ஓட்டை இதுதான். கணக்குப் பிசகைக்கூட மன்னித்துவிடலாம்.

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கமாக: விலை இறங்கிக்கொண்டே வந்தது. 2014ல் ஐந்தாம் பதிப்பு. 2016ல் 'வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்'. கோப்லின், கோபோல்ட், ஆர்க் எல்லாம் ஒன்றாம் லெவலிலேயே கிடைத்தன. அட்ஜஸ்ட்மென்ட் இல்லை, கடன் இல்லை. ஆனால் ஆர்க்காகப் பிறந்தால் அறிவில் இரண்டு கழிவு. கோபோல்டுக்கு பலத்தில் இரண்டு. அதே புத்தகத்தில் யுவான் டி என்கிற பாம்பு வம்சத்துக்கு மந்திர எதிர்ப்பு, விஷ எதிர்ப்பு என்று அள்ளிக் கொடுத்துவிட்டு ஒரு பைசா கழிக்கவில்லை. எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போட்டாரோ தெரியவில்லை.

2020ல் சண்டை வெடித்தது. ஒரு இனமே பிறவியில் மந்தம், பிறவியில் தீயது என்று அச்சடிப்பது நிஜ உலகத்தில் சிலரைப் பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தைகள் மாதிரியே ஒலிக்கிறது என்றார்கள். விளையாட்டுதானே என்றார்கள் எதிர்த்தரப்பினர். கம்பெனி ஜூன் மாதத்தில் ஓர் அறிக்கை விட்டது. அந்த வருடமே இரண்டு கழிவுகளையும் நீக்கியது. 2024ல் வந்த புதிய ஆட்டக்காரர் கையேட்டில் 'இனம்' என்கிற சொல்லே இல்லை, 'உயிர்வகை' என்கிறார்கள். ஆர்க் இப்போது முதல் புத்தகத்திலேயே மனிதன், குள்ளன் பக்கத்தில் சகஜமாக உட்கார்ந்திருக்கிறது.

நல்லது. பிறப்பை வைத்து மூளையில் இரண்டு பிடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அதை எடுத்ததில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. ஆனால் கழிவை எடுத்த கையோடு இன்னொன்றும் போய்விட்டது. புதிய கையேட்டின் ஆர்க்கைப் படித்தால் கொஞ்சம் வேகமாக ஓடுகிற, இருட்டில் கண் தெரிகிற, அடித்தால் சட்டென்று விழாத ஒரு ஆசாமி. பக்கத்து வீட்டு ஜிம் மாஸ்டர் மாதிரி இருக்கிறார். பயம் எங்கே? ராட்சசனாக ஆட வந்தவர் பயத்தைத் தேடித்தானே வந்தார்?

விலையே வேண்டாம் என்பதல்ல விஷயம். 2003ல் அதைத் தப்பான கணக்குத் தலைப்பில் எழுதினார்கள், 2024ல் தலைப்பையே அடித்துவிட்டார்கள்.

மறுபடி ட்ரோலைக் கூப்பிடுவோம். வெட்டுக்காயம் எல்லாம் முளைத்து மூடிவிடும் உடம்பு. அதில் பழைய சண்டையின் தழும்பு ஒன்றுகூட இருக்காது. வாழ்நாளெல்லாம் அடிவாங்கியும் உடம்பில் சாட்சி இல்லை. நிற்கிற தழும்பு தீயும் அமிலமும் பட்டது மட்டும். அப்படியானால் இந்த ஜந்து நெருப்பை எப்படிப் பார்க்கும்? சாகச கோஷ்டி ராத்திரியில் எங்கே உட்காருகிறது? நெருப்பைச் சுற்றி. கதை பேசுவது, சோறு பொங்குவது, நட்பாவது எல்லாம் அங்கேதான். நம் ட்ரோல் இருபதடி தள்ளி இருட்டில் உட்கார்ந்திருக்கும். பேச்சு பாதிதான் காதில் விழும். என்றைக்கு அது ஒரு எட்டு முன்னால் வந்து உட்காருகிறதோ, அன்றைக்கு மேஜையில் இருக்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு புள்ளி கழிக்கவில்லை, ஒரு பகடை உருட்டவில்லை.

பாத்திரம் அமைப்பது என்றால் எனக்கு இதுதான். அது என்ன தின்னும், எங்கே தூங்கும், எதைக் கண்டால் ஒதுங்கும், கூட வருகிற நாலு பேரில் யாரை நம்பும். இதற்கு விடை தெரியாமல் பலம் பன்னிரண்டு கூடியது என்று ஆரம்பித்தால், கிடைப்பது பச்சைச் சாயம் பூசிய பயில்வான்.

ஒரு எச்சரிக்கை உண்டு. ராட்சசனின் விலையை ஆடுகிறவர் கட்டுவதில்லை, பல சமயம் மற்றவர்கள் கட்டுகிறார்கள். ஊர் வாசலில் காவல்காரன் ட்ரோலைப் பார்த்து அலறுவான். சமாதானம் பேசி உள்ளே போக அரை மணி. சத்திரத்தில் இன்னொரு அரை மணி. ஒவ்வொரு ஊரிலும் இதே கூத்து என்றால் பாவம், மந்திரவாதியாக வந்த பெண் தன் முறைக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். கைகாக்ஸ் பலத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். இந்த நேரக் கொள்ளை அதைவிடப் பெரிய வில்லங்கம். முதல் இரண்டு ஊரில் கல் பறக்கட்டும். மூன்றாவது ஊரில் கோஷ்டியில் வேறு யாருக்காவது பழைய பகை காத்திருக்கட்டும். கெட்டிக்காரக் கதை நடத்துபவர் இப்படித்தான் பங்கு பிரிப்பார்.

கைகாக்ஸ் கையேட்டுக்கு எட்டு வருடம் முன்பே, 1971ல், ஜான் கார்ட்னர் என்கிற அமெரிக்க எழுத்தாளர் 'கிரெண்டெல்' என்றொரு நாவல் எழுதிவிட்டார். பழைய ஆங்கிலக் காவியத்தில் வீரன் கையால் சாகிற அரக்கன், தன் கதையைத் தானே சொல்கிற நாவல். அதில் அவன் பலத்தைக் குறைக்கவில்லை. மனிதர்களைத் தின்கிறான், ஒளிவு மறைவில்லை. ஆனாலும் இருட்டில் நின்றபடி மண்டபத்துக்குள் நடக்கும் பாட்டைக் கேட்டுத் தவிக்கிறான். அட்டவணை போடுகிறவர்கள் அதை ஒரு தடவை புரட்டியிருக்கலாம்.

சாவேஜ் ஸ்பீஷீஸில் அப்படிப் புரட்டிவிட்டு எழுதினார்களோ என்று நினைக்க வைக்கிற ஓர் இடம் இருக்கிறது. 'விடுதலை பெற்ற வாரிசு' என்று வைத்துக்கொள்ளுங்கள். பேயால் கொல்லப்பட்டு, அதற்கே அடிமைப் பேயாக எழுந்த ஒருவன். அவனை ஆட்டிவைத்த பேய் அழிந்துவிடுகிறது. கட்டு அறுந்ததும் உயிரோடிருந்த காலத்து ஞாபகங்களும் அன்று கற்ற வித்தைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. எந்த லெவலில் எது திரும்பும் என்று வழக்கம்போல அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஞாபகம் வந்தவன் ராத்திரி நேரத்தில் தன் பழைய வீட்டு வாசலில் போய் நின்றால், உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறப்பார்களா?

அதற்கு மட்டும் அட்டவணை இல்லை. நல்லவேளை.