அமராவதிக் காசுகளும் நம் பிரசங்கமும்

கரூர் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்த கிரேக்க, செலூக்கிய, பினீசியக் காசுகளை ஆராய்ந்து, காலஞ்சென்ற நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 2000-ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். பொன்னையும் வெள்ளியையும் தேடுவோர் புறக்கணிக்கும் தேய்ந்த செப்புக் காசுகளையும் சரித்திரச் சான்றாக மதித்தது அவருடைய சிறப்பு. மக்கபேயரோடு பொருத செலூக்கியரின் காசு கொங்குநாட்டு ஆற்றில் கிடைப்பது வேதமாணவரையும் ஈர்க்கும்.

ஆயினும் இச்சான்றுக்கு ஓர் எல்லையுண்டு. இவை அகழாய்வில் மண்ணடுக்கோடு கிடைத்தவையல்ல. காசு அச்சிடப்பட்ட காலம் வேறு. இம்மண்ணை வந்தடைந்த காலம் வேறு. பழங்காசுகள் நெடுங்காலம் கைமாறுவதுண்டு.

இவ்வெல்லையை நம் திருப்பணியாளரும் மறத்தலாகாது. சூலூருக்கு அணித்தான வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளுள் அகுஸ்துராயன், திபேரியுராயன் காசுகளே மிகுதி. இவற்றைக் கொண்டு அப்போஸ்தலனாகிய தோமாவின் வருகை மெய்ப்பிக்கப்பட்டதெனப் பிரசங்கிப்பது பொருந்தாது. வழியொன்று இருந்ததென்று காசு கூறும். அவ்வழியே வந்தவர் யாரென்று கூறாது. காசு சொல்லாததை அதன் வாயில் வைப்பதும் பொய்ச்சாட்சியே. விசுவாசத்துக்கு அத்தகைய ஊன்றுகோல் வேண்டுவதில்லை.