அடக்கம்: தன்வினையா, பிறவினையா?

அடங்கு என்பது தன்வினை, அடக்கு என்பது பிறவினை. இரண்டுக்கும் பெயர்ச்சொல் ஒன்றேதான்: அடக்கம். யார் யாரை அடக்கினார்கள் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. எம்.ஏ. வகுப்பில் இதை இலக்கணமாகப் படித்தேன். அதற்கு முன்பே விடுதி அறையொன்றில் உடம்பால் படித்தாகிவிட்டது.

பி.ஏ. முதலாண்டு. "தமிழ் லிட்டா நீ? அடக்கமுடைமை பத்தையும் சொல்லுடா." என் சட்டையின் மூணாவது பட்டனைப் பார்த்தபடியே சொன்னேன். நிமிரக்கூடாது. பரிமேலழகர் அடக்கத்தை மெய், மொழி, மனம் மூன்றின் மேலும் வைத்து உரை செய்கிறார். சீனியரும் அந்த மூன்றைத்தான் எடுத்துக்கொண்டான், வரிசைகூட மாறவில்லை. முதலில் உடம்பு நிற்கும், பிறகு வாய் 'சார்' சொல்லும், மனசு கடைசியில் வந்து சேரும். நானாகத்தான் அடங்கினேன் என்று நினைத்துக்கொள்ளும்போது அடக்கும் வேலை முடிந்துவிடுகிறது. பின்னால் ஃபூக்கோவை வாசித்தபோது எனக்கு அந்தப் பட்டன்தான் ஞாபகம் வந்தது.

ராகிங்கைச் சுயகட்டுப்பாடு இல்லாத சிலரின் வக்கிரமாகவே நம் பொதுப்புத்தி பேசுகிறது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாட்டில் தடைச்சட்டம் வந்தது: 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2009இன் பல்கலைக்கழக மானியக்குழு விதிகள் மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழிப் பத்திரம் கேட்கின்றன. எல்லாம் தேவைதான். (சட்டம் எதற்கு என்று கேட்கிறவர் அந்த அறையில் நின்றிருக்க மாட்டார்.) ஆனால் நான் நின்ற அறையில் யாரும் கட்டுப்பாடு இழக்கவில்லை. குரல்கூட உயரவில்லை.

அடுத்த ஜூனில் நானும் ஒருவனை நிற்கவைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, விரல் தானாகப் பட்டனைத் தொட்டுக் காட்டியது. "இது இல்லாட்டி ஃப்ரெண்ட்ஷிப் எப்படிடா வரும்" என்றும் சொன்னேன்.

எங்கள் செட்டில் ஒருத்தன் மட்டும் முதல் வாரமே நிமிர்ந்து பார்த்தவன். சீனியர்கள் ரெண்டே நாளில் அவனை விட்டுவிட்டார்கள். நாங்கள் விடவில்லை. அவனால் கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்க வேண்டிவந்தது என்பது நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். பட்டனிலிருந்து கண்ணை எடுக்க முடியும் என்று காட்டிவிட்டானே, அது சொல்லாத காரணம். குறளில் நட்பு, நட்பாராய்தல் தொடங்கி தீநட்பு, கூடாநட்பு வரை ஐந்து அதிகாரம் இருக்கிறது. எல்லோரும் கூடி ஒருவனுக்கு நட்பை மறுப்பதற்கு என்ன பேர் என்று எனக்கு அதில் தென்படவில்லை. மெஸ்ஸில் அவனுக்கு எதிர் பெஞ்சு மூன்று வருஷமும் காலியாகவே கிடந்தது. நான் ரெண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன்.