மந்திரி மனை: மரபும் கட்டடச் சான்றும்

அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி, கோப்பாய் ஆகிய ஊர்களைக் கடந்து பருத்தித்துறை வீதிவழியே யாழ்ப்பாண நகரை அணுகுவோர், நல்லூரில் வீதியோரத்தே பழைய மாளிகையொன்றைக் காண்பர். மேன்மாடத்தோடு கூடிய முகப்பும், ஓட்டுக் கூரையும், மரச் செதுக்கு வேலைகளும் கொண்ட அக்கட்டடமே மந்திரி மனை என வழங்கப்பெறுவது. தமிழரசர் காலத்து மந்திரியொருவர் வாழ்ந்த இல்லம் அஃது என்பது செவிவழி மரபு. தொல்லியற் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற நினைவுச் சின்னமாகவும் அது விளங்குகின்றது. எனினும், 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்துப் பெருமழையில் அதன் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியின்பின் ஒரு வினாவைத் தள்ளிவைத்தல் இயலாது: காக்கப்படவேண்டியது மரபு கூறும் மந்திரியின் மாளிகையா, கண்முன் நிற்கும் கட்டடமா?

இம்மரபினை எளிதில் ஒதுக்கிவிடுதல் தகாது. நல்லூர் யாழ்ப்பாணத்து அரசரின் தலைநகராய் விளங்கிய ஊர். சங்கிலித் தோப்பு, யமுனா ஏரி, பண்டாரக்குளம் முதலிய பெயர்கள் அவ்வரசிருக்கையை இன்றும் நினைவூட்டி நிற்கின்றன. மாளிகை மண்ணோடு மண்ணான பின்னரும் நிலத்தின் பெயர் மக்கள் நாவில் நிலைத்திருத்தல் உலக இயல்பு. எனவே, மந்திரி மனை என்னும் பெயர் அந்நிலத்தின் பழமைக்கு ஒருவகைச் சான்றாதல் கூடும். ஆயின், நிலத்தின் பழமை வேறு. சுவரின் பழமை வேறு. இவ்விரண்டினையும் ஒன்றாகக் கொள்ளுமிடத்தே பிழை தொடங்குகின்றது.

வரலாற்றை நோக்குக. 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. இறுதி மன்னனாகிய சங்கிலி குமாரன் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொலைத் தண்டனைக்கு உள்ளானான். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. ஆட்சியின் இருப்பிடமும் நல்லூரை விட்டு யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கத்துக்குப் பெயர்ந்தது. 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் இந்நாட்டைக் கைக்கொண்டனர். இத்துணை மாற்றங்களுக்கிடையே, கோயிலையே விட்டுவைக்காதோர் மந்திரியின் மாளிகையை மட்டும் ஊறின்றி விட்டனர் எனக் கொள்வதற்கு வலிய சான்று வேண்டும்.

கட்டடமோ அதற்கு மாறாகவே சான்று பகர்கின்றது. முகப்பின் வளைவுகளும், தூண்களின் அமைப்பும், மேன்மாடத்தின் ஒழுங்கும் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்துக் கட்டடக் கலையின் சாயலைத் தெளிவாகக் காட்டுகின்றன. மேலும், கறையானும் உப்புக்காற்றும் மாரிமழையும் ஒருங்கே தாக்கும் இம்மண்ணில், மரக்கூரையும் மரத்தளமும் இடையிடையே புதுக்கப்படாது நானூறு ஆண்டு நிலைத்தல் அரிது. அரசர் காலத்து அடித்தளம் மண்ணுள் இருத்தல் கூடும்; அதனை அகழ்வாய்வே காட்டவேண்டும். காணப்படும் எழுச்சி பிற்காலத்தது என்பதே பொருந்தும் முடிபு. ஏரிக்குச் செல்லும் சுரங்கவழி உண்டு என்பன போன்ற கதைகளும் கேட்போர்க்கு இன்பம் பயப்பனவேயன்றிக் காலக் கணிப்புக்கு உதவுவன அல்ல.

அங்ஙனமாயின் மனையின் பெருமை குன்றுமோ? குன்றாது. அரசு இழந்த மக்கள் கலையை இழக்கவில்லை என்பதற்கு அது கண்கூடான சான்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் இயல்பினை ஈண்டு நினைதல் நன்று. நடுவே திறந்த முற்றம். நாற்புறமும் தாழ்வாரமும் அறைகளும். முற்றத்தை நோக்கிச் சரியும் கூரை. சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய தடித்த சுவர் வெயிலைத் தடுக்க, முற்றம் ஒளியையும் காற்றையும் உள்ளே கொணரும். பனைமர வளையும் சிலாகையும் பீலி ஓட்டின் பாரத்தைத் தாங்கும். இம்மரபிற் பயின்ற தச்சரும் கொத்தரும் அந்நியரின் வளைவையும் மேன்மாடத்தையும் தம் கைத்திறனுக்கு அடக்கிக்கொண்ட தன்மையே மந்திரி மனையிற் காணத்தக்க சிறப்பு.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை இதற்கு ஒப்புக் காட்டலாம். 1636 அளவில் எழுந்த அம்மாளிகையிற் பல்வேறு நாட்டுக் கலைமரபுகள் கலந்துள்ளன. மூலக் கட்டடத்திற் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எஞ்சியதும் 19 ஆம் நூற்றாண்டில் நேப்பியர் பிரபுவின் முயற்சியாற் பழுதுபார்க்கப்பட்டது. இவையெல்லாம் வெளிப்படையாக அறியப்பட்டிருந்தும் அதன் மதிப்பு அணுவளவும் குறைந்ததில்லை. உண்மையை மறைத்துப் பெறும் பழமை எக்கட்டடத்துக்கும் வேண்டுவதன்று.

இல்லாத பழமையை ஏற்றிக் கூறுவதில் இரு தீங்குகள் உள. மந்திரியின் வீடு என்பதற்காகவே போற்றுவோர், அஃது அன்றென்று ஒருநாள் தெளிந்தவிடத்து அதனைக் கைவிடுவர். அன்றி, அரசர் காலத்துத் தோற்றத்தை மீட்பதாக எண்ணி, உள்ள உறுப்புக்களை நீக்கிக் கற்பனை உறுப்புக்களை அமைப்பர். முன்னையது புறக்கணிப்பு, பின்னையது அன்பினால் விளையும் அழிவு.

ஆதலின், திருத்த வேலைக்கு முற்பட எஞ்சிய ஒவ்வொரு தூணும் கதவும் சுவரும் அளந்து வரையப்படல் வேண்டும். வீழ்ந்த மரமும் செங்கல்லும் குப்பையாக அள்ளப்படாது இனம் பிரித்துப் பேணப்படல் வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசின் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளிருந்தே நைந்துபோம். ஆகவே பழைய சாந்தின் முறையறிந்த கொத்தரையே நாடல் வேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் கட்டடத்தைச் சிதைப்போரைத் தண்டிக்க வல்லது. ஒழுகும் கூரையை அடைக்க வல்லதன்று. அதற்குக் காலந்தோறும் கவனிப்பாரின் கண்ணும் கையும் வேண்டும்.

அச்சுவேலி முதலாய ஊர்களிலும் நாற்சார் வீடுகள் ஓசையின்றி மறைந்து வருகின்றன. அவற்றுக்கு மந்திரியின் பெயரும் இல்லை. சட்டத்தின் காவலும் இல்லை. பெயர்பெற்ற மனையொன்றையே மழைக்குப் பறிகொடுக்கும் சமுதாயம், பெயரில்லா மனைகளை எங்ஙனம் காக்கும்? மந்திரி மனையை உள்ளது உள்ளவாறு அறிந்து பேணுதலே அவ்வீடுகளையும் மதிக்கக் கற்பதற்கு முதற்படியாகும்.