ழான்-பாப்டிஸ்ட் வியோம்: கைவினையும் பிரதியும்

ழான்-பாப்டிஸ்ட் வியோம் (அக்டோபர் 7, 1798 - மார்ச் 19, 1875) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த வயலின் கைவினைஞர். பாரிஸ் நகரில் பட்டறை நடத்தியவர். வயலின், வியோலா, செல்லோ என 3000-க்கும் மேற்பட்ட கருவிகள் அவர் பெயரில் வெளிவந்தன. பழைய இத்தாலிய வயலின்களைப் பழுது நீக்குவதிலும், அவற்றைப் போலவே பிரதிகள் செய்வதிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிடம் பெற்றவராகக் கருதப்படுகிறார். அவர் கலைஞரா, கைதேர்ந்த நகலெடுப்பாளரா, கெட்டிக்கார வணிகரா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

பிறப்பு, தொழில் பயிற்சி

வியோம் பிரான்ஸின் கிழக்கே வோஜ் பகுதியில் உள்ள மிர்கூர் என்ற சிற்றூரில் பிறந்தார். அவ்வூரில் வயலின் செய்வது குடும்பத் தொழில். தந்தை, மகன், மாமன், மச்சான் என எல்லோரும் உளியும் சீவுளியும் பிடித்தவர்கள். வியோமும் வீட்டிலேயே தொழில் கற்றார்.

1818-ல் பாரிஸ் சென்று ஃபிரான்சுவா ஷானோவிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஷானோ கடற்படைப் பொறியாளராக இருந்தவர். வயலினின் மூலைகளை நீக்கி, கிட்டார் போன்ற வடிவில் புதிய வயலினைச் செய்து காப்புரிமை பெற்றிருந்தார். அறிவியல் நோக்கில் அது துணிவான முயற்சி. ஆனால் வாசிப்பவர்கள் அதை ஏற்கவில்லை. 1821-ல் வியோம் சிமோன் லெத்தேயின் பட்டறைக்கு மாறினார். 1825-ல் அதில் பங்குதாரரானார். 1828-ல் தனிப் பட்டறை தொடங்கினார்.

வியோமின் பிற்காலப் போக்கைப் புரிந்துகொள்ள ஷானோவின் தோல்வி உதவுகிறது. இசைக்கலைஞர்கள் கேட்டது புதிய வடிவத்தை அல்ல, ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி ஆகியோரின் பழைய வயலின்களை. அவை விலை மிகுந்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை. அந்த இடைவெளியை நிரப்பும் வேலையை வியோம் எடுத்துக்கொண்டார்.

பிரதிகள்

வியோமின் பிரதிகளில் புகழ்பெற்றது பகானினியின் வயலினைப் பார்த்துச் செய்தது. பகானினி வாசித்தது ஜுசெப்பே குவார்னேரி 1743-ல் செய்த கருவி. அதன் முழக்கத்தால் 'பீரங்கி' என்று பெயர் பெற்றது. 1830-களில் அது பழுதுக்காக வியோமிடம் வந்தது. பழுது நீக்கும்போதே அதை அளந்து ஒரு பிரதி செய்தார். இரண்டையும் அருகருகே வைத்தபோது எது தன்னுடையது என்று பகானினியே தடுமாறினார் என்று ஒரு கதை உண்டு. அந்தப் பிரதி பின்னர் பகானினியின் மாணவர் கமில்லோ சிவோரியிடம் சென்றது. இன்று மூலமும் பிரதியும் இத்தாலியின் ஜெனோவா நகர மாளிகையில் ஒருங்கே பாதுகாக்கப்படுகின்றன. அதே குவார்னேரியைப் பின்பற்றி வியோம் 1864-ல் செய்த மற்றொரு வயலினை அமெரிக்க வயலின் கலைஞர் ஹிலரி ஹான் மேடைகளில் வாசித்து வருகிறார்.

இப்பிரதிகளில் வடிவம், வார்னிஷின் நிறம், தேய்மானம் ஆகிய மூன்றும் பின்பற்றப்பட்டன. நூறாண்டு காலம் தாடையும் தோளும் பட்டு வார்னிஷ் உதிர்ந்த இடங்களைக்கூடப் புதிய மரத்தில் உருவாக்கினார். பலவற்றின் உள்ளே ஸ்ட்ராடிவாரியின் சீட்டைப் போன்ற சீட்டையும் ஒட்டினார். ஆனால் அதே கருவிகளின் உள்ளே தன் முத்திரையையும் வரிசை எண்ணையும் இட்டார். வெளிப்பார்வைக்குப் பழையது, உள்ளே பார்த்தால் யார் செய்தது என்று தெரியும். ஏமாற்றும் எண்ணம் மட்டுமே இருந்திருந்தால் அந்த எண்களுக்குத் தேவையில்லை.

பழுது நீக்கமும் மாற்றமும்

ஸ்ட்ராடிவாரி காலத்து வயலின்களின் கழுத்து சற்றுக் குட்டையானது, சாய்வு குறைந்தது. தந்திகளின் இழுவிசையும் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இசையரங்குகள் பெரிதாயின, சுருதி உயர்ந்தது. பெரிய ஒலி தேவைப்பட்டது. எனவே பழைய கருவிகளைத் திறந்து, கழுத்தை நீட்டிச் சாய்த்துப் பொருத்தினார்கள். முகப்பலகையின் உட்புறத்தில் ஒட்டப்படும் 'பாஸ் பார்' என்ற மரச்சட்டத்தை எடுத்துவிட்டுத் தடித்த சட்டத்தை வைத்தார்கள். வியோமின் பட்டறை இவ்வேலையில் முன்னணியில் இருந்தது.

இன்றைய அருங்காட்சியகப் பார்வையில் இது இழப்பு. மூலக் கழுத்தோடும் மூலச் சட்டத்தோடும் இருக்கும் பழைய வயலின்கள் இப்போது மிகச் சிலவே. ஆனால் அன்றைய கைவினைஞருக்கு வயலின் வாசிப்பதற்கான கருவி. பழைய கோயில் விளக்கைப் பழுது நீக்கி மீண்டும் ஏற்றுவதைப் போன்ற வேலை அது. அந்த மாற்றங்களைச் செய்திருக்காவிட்டால் ஸ்ட்ராடிவாரியின் வயலின்கள் பெரிய அரங்குகளில் ஒலித்திருக்க முடியாது. இரண்டு உண்மைகளையும் சேர்த்தே வியோமின் பழுதுப் பணியை மதிப்பிட வேண்டும்.

கூட்டு முயற்சிகள்

வியோமின் பணி தனியொருவரின் பணி அல்ல. அவருடைய கூட்டு முயற்சிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அறிவியலாளருடன் செய்தது. இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் சவார் (1791-1841) வயலினின் அதிர்வுகளை ஆராய்ந்தவர். ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி ஆகியோரின் கருவிப் பகுதிகளை வியோம் அவருடைய சோதனைகளுக்குக் கொடுத்தார். பிரித்த பலகையைத் தட்டினால் எழும் சுரத்தை அளந்தபோது, நல்ல கருவிகளில் முகப்பலகையின் சுரமும் முதுகுப்பலகையின் சுரமும் ஒன்றாக இல்லை, சிறிது விலகியிருக்கின்றன என்று சவார் கண்டார். விலைமதிப்புள்ள கருவிகளை ஆய்வுக்குத் தருவது எந்த வணிகருக்கும் எளிதல்ல.

இரண்டாவது, எழுத்தாளருடன் செய்தது. பெல்ஜிய இசையறிஞர் ஃபெட்டிஸ் 1856-ல் ஸ்ட்ராடிவாரி பற்றி எழுதிய நூல் வியோமின் தூண்டுதலாலும் அவர் தந்த தகவல்களாலும் உருவானது. ஃபிரான்சுவா தூர்த் செய்த விற்களை வியோம் அளந்து, வில்லின் கம்பு எப்படிப் படிப்படியாக மெலிகிறது என்பதைக் கணித முறையில் விளக்கியது அந்நூலில் இடம்பெற்றது.

மூன்றாவது, பிற கைவினைஞர்களுடன் செய்தது. டொமினிக் பெக்கத், பியேர் சிமோன், ஃபிரான்சுவா நிக்கோலா வுவாரேன் போன்ற சிறந்த வில் கைவினைஞர்கள் அவருடைய பட்டறையில் பணியாற்றினர். மிர்கூரில் இருந்த அவருடைய தம்பி நிக்கோலா மூலம் எளிய விலைக் கருவிகளும் வந்தன.

இவை தவிர உள்ளீடற்ற எஃகு வில், பெரிய உடல் கொண்ட வியோலா ஆகியவற்றையும் செய்து பார்த்தார். 1850-ஐ ஒட்டி அவர் செய்த ஆக்டோபாஸ் சுமார் மூன்றரை மீட்டர் உயரமும் மூன்று தந்திகளும் கொண்டது. கை எட்டாததால் நெம்புகோல்களாலும் மிதிகளாலும் தந்திகளை அழுத்த வேண்டும். 1851-ல் லண்டன் பெருங்காட்சியில் வியோமுக்கு உயர்ந்த பதக்கம் கிடைத்தது. ஆனால் அவருடைய புதுமைகளில் எதுவும் வழக்கில் நிலைக்கவில்லை.

விவாதங்கள்

வியோம் மீதான பெரிய விவாதம் 'மெசையா' என்ற வயலினைச் சுற்றியது. 1716-ல் ஸ்ட்ராடிவாரி செய்ததாகக் கருதப்படும் இக்கருவியை இத்தாலிய வணிகர் லூயிஜி தாரிசியோ வைத்திருந்தார். அதைப் பற்றிப் பேசுவாரே தவிர பாரிஸுக்குக் கொண்டுவந்ததில்லை. வருவதாகச் சொல்லி வராத மெசையா போன்றது என்று வியோமின் மருமகனும் வயலின் கலைஞருமான தெல்ஃபின் அலார் கிண்டல் செய்ததால் அப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1854-ல் தாரிசியோ இறந்ததும் வியோம் இத்தாலி சென்று, அவருடைய வாரிசுகளிடமிருந்து ஏறத்தாழ 150 கருவிகளை வாங்கினார். மெசையாவும் அவற்றில் ஒன்று. அதை அவர் கடைசிவரை விற்கவில்லை.

அக்கருவி இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. தேய்மானமே இல்லாமல் புதிது போல் இருப்பதால், இது வியோமே செய்த பிரதியோ என்ற ஐயம் 1990-களின் இறுதியில் வலுவாக எழுந்தது. முகப்பலகையின் மரவளையங்களை ஆராய்ந்தவர்கள் கடைசி வளையம் 1680-களைச் சேர்ந்தது என்று கண்டனர். மரம் பழையது என்பதால் மட்டும் செய்தவர் யார் என்பது உறுதியாகிவிடாது. ஆயினும் அவ்வளையங்கள் ஸ்ட்ராடிவாரியின் வேறு சில கருவிகளோடு ஒத்திருப்பதால், பெரும்பாலான வல்லுநர்கள் அது ஸ்ட்ராடிவாரியின் படைப்பே என்று ஏற்கின்றனர்.

புதிய மரத்தைப் பழையதாகக் காட்ட வியோம் அதை வெப்பத்தில் வாட்டினார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அனைவரும் அதை ஏற்கவில்லை. பட்டறையில் பிறர் செய்த விற்களில் வியோம் பெயர் பொறிக்கப்பட்டது அன்றைய தொழில் வழக்கம். எனினும் அந்த உழைப்பாளிகளின் பெயர்களைப் பின்வந்தோர் வில்லின் வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டியிருந்தது. வியோமின் மீது சொல்லக்கூடிய நியாயமான குறை இதுவே.

மதிப்பீடு

ஒரு பிரதி மூலத்தோடு குழப்பிக்கொள்ளப்படும் அளவுக்கு இருப்பது திறமைக்குச் சான்று. மெசையா பற்றிய ஐயம் வியோமின் நேர்மையைக் கேள்விக்குள்ளாக்கியது. அதே ஐயம் அவருடைய கைத்திறனுக்குக் கிடைத்த சான்றிதழாகவும் ஆயிற்று. 'இதை வியோம் செய்திருக்க முடியும்' என்று வல்லுநர்கள் நம்பியதால்தான் அந்த விவாதமே எழுந்தது.

புதிய வடிவங்களைத் தேடியபோது வியோம் வெற்றி பெறவில்லை. பழையதைக் கூர்ந்து பார்த்து, அளந்து, கற்றபோது வெற்றி பெற்றார். ஸ்ட்ராடிவாரியை உலகம் அறிந்த பெயராக்கியதில் அவருடைய பிரதிகளுக்கும், பழுதுப் பணிக்கும், அவர் தூண்டி எழுதச் செய்த நூலுக்கும் பெரும் பங்கு உண்டு. அந்தப் புகழ் வளர வளர, அவருடைய சொந்தப் பெயர் 'ஸ்ட்ராடிவாரியைப் பார்த்துச் செய்தவர்' என்ற அடைமொழிக்குள் ஒடுங்கியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவருடைய வயலின்கள் பெரிய மேடைகளில் வாசிக்கப்படுவதால், அந்த அடைமொழியை மறுபரிசீலனை செய்வது அவசியமாகிறது.