மௌனமும் வாயடைப்பும்: சபரகமுவைத் தோட்டங்களை முன்வைத்துக் கிறிஸ்தவ தியான மரபு பற்றிய ஒரு நோக்கு

இறைவனை அறிவதற்கு மௌனமே தலையாய வழி என்னும் கருத்து தமிழுக்குப் புதியதன்று. மௌனகுருவைப் போற்றிய தாயுமானவர் முதல், பேசாமையாலேயே உபதேசித்தவரெனக் கொள்ளப்படும் ரமண மகரிஷி வரை அம்மரபு நீண்டு செல்கின்றது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தில் அது புத்துருப் பெற்ற இடங்களுள் குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் அமைந்த சச்சிதானந்த ஆசிரமம் முதன்மையானது. பிரெஞ்சுத் துறவியரான ஜூல் மொன்ஷானினும் ஆன்றி லெ சோவும் 1950இல் அதனை நிறுவினர். 1949இல் ரமணரைத் தரிசித்து ஆழ்ந்த பாதிப்புக்குள்ளான லெ சோ, அபிஷிக்தானந்தர் என்னும் பெயருடன் எழுதி 1967இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'பிரேயர்' என்னும் சிறுநூல், செபம் என்பது இறைவனிடம் பேசுவது என்பதினும் அவர் சந்நிதியில் விழிப்போடு இருப்பதே என வலியுறுத்துகின்றது.

இந்நூலின் சிறப்பு மறுக்கற்பாலதன்று. செபத்தைக் குறித்த நேரத்திலிருந்தும் குறித்த இடத்திலிருந்தும் விடுவித்து, வாழ்வு முழுவதற்கும் உரியதாக்கியமை அதன் பெரும் பேறு. ஆயினும் ஆற்றங்கரையிலும் பின்னர் இமயச் சாரலிலும் வாழ்ந்த துறவியின் மௌனம் அவரே விரும்பி ஏற்ற மௌனமாகும். பேசும் உரிமை பெற்ற ஒருவர் பேச்சைத் துறப்பது தவம். அவ்வுரிமையே மறுக்கப்பட்டவர்க்கு மௌனத்தைப் போதிப்பது யாது பயன் தரும்? சபரகமுவை மாகாணத்தின் தோட்டங்களைக் கருத்திற் கொள்ளும்போது இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் தேயிலையும் இறப்பரும் பயிராகும் தோட்டங்களின் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் லயக் காம்பிராவாகும். ஏறத்தாழ 12 அடிக்கு 10 அடி கொண்ட ஒரு காம்பிராவில் ஒரு குடும்பம் முழுவதும் உண்டு உறங்கிற்று. ஒரு வீட்டுக் குழந்தையின் அழுகை அடுத்த வீட்டாருக்கும் உரியது; மழைக்காலத்தில் தகரக் கூரையின் ஓசை அனைவருக்கும் பொதுவானது. மத்தேயு சுவிசேஷம் தனியறையுட் சென்று கதவடைத்துச் செபிக்கும்படி கூறுகின்றது. அவ்வறையைக் குறிக்கும் மூலக் கிரேக்கச் சொல் பண்டகசாலையையும் குறிப்பதாகும். பண்டம் சேர்த்துவைக்கும் அறை உள்ள வீட்டாருக்கு எளிதான அக்கட்டளை, லயத்தில் வாழ்வோர்க்குச் சொல்லளவில் நிறைவேற்ற இயலாததாகும்.

மேலும், மலையகத்திற்கு வந்த சீர்திருத்தக் கிறிஸ்தவம் பெரிதும் ஓசை வழியாகவே வந்தது. 1854இல் தொடங்கப்பெற்ற 'தமிழ்க் கூலி மிஷன்' திருநெல்வேலித் திருச்சபையோடு கொண்டிருந்த தொடர்பினால், அங்கிருந்து உபதேசிமார் பலர் மலைநாட்டுத் தோட்டங்களை நாடி வந்தனர். அவர்களோடு கீர்த்தனையும் கூட்டுச் செபமும் வந்தன. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும்போதன்றிக் குரல் எழுப்ப வாய்ப்பற்ற மக்களுக்கு, ஒன்றுகூடிப் பாடுதல் தம்மைத் தாமே மனிதராக உணரும் தருணமாயிருந்தது. ஆகவே அப்பாட்டை வெறும் ஆரவாரமெனத் தள்ளிவிட்டு, மௌனமே உயர்ந்தது என்பது வரலாறு அறியாதார் கூற்றாகும்.

அவ்வரலாறு மற்றொரு மௌனத்தையும் காட்டுகின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் முடிவை ஒத்திவைத்தது. பங்கிடப்பட்டவர்களின் விருப்பம் முன்கூட்டிக் கேட்கப்படவில்லை. நாடற்றோராக எஞ்சியோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

சபரகமுவையின் நிலை இன்னும் தனித்தது. நுவரெலியாவைப் போலன்றி, இங்குள்ள தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. 1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் எழுந்த வன்செயல்கள் இத்தோட்ட மக்களைத் தாக்கின. பலர் இருப்பிடம் விட்டு வெளியேறினர். இத்தகைய சூழலில் குரலைத் தாழ்த்துதல் உயிர்காக்கும் வழியாகிறது. அது அச்சத்தின் மௌனம், தியான மௌனமன்று. புறத்தே இரண்டும் ஒன்றுபோற் காணப்படுதலே ஆபத்து. போதகர் ஒருவர் இவ்வேறுபாட்டை உணராது அமைதியைப் புகழ்வாராயின், வாயடைப்புக்கு அருளின் பெயரைச் சூட்டியவராவார்.

மௌனத்திற்கு ஆதாரமாகப் பெரிதும் காட்டப்படும் வேதப்பகுதி எலியா ஓரேப் மலையில் நின்ற நிகழ்ச்சியாகும். பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் நெருப்பிலும் தோன்றாத இறைவன், அவற்றின் பின் எழுந்த மென்மையான ஒலியிற் குறிப்புணர்த்துகின்றார். பிரசங்கங்கள் பல இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் இராஜாக்களின் முதலாம் புத்தகம் இவ்விடத்தில் நிற்கவில்லை. மெல்லொலியைத் தொடர்ந்து வருவது ஆறுதலன்று. இங்கே உனக்கு என்ன வேலை என்னும் வினா. அரசியாருக்கு அஞ்சி ஓடிவந்தவர் மீண்டும் மக்களிடையே அனுப்பப்படுகின்றார். இரண்டு அதிகாரங்கள் கழித்து, ஏழை நாபோத்தைக் கொலைசெய்வித்து அவன் திராட்சைத் தோட்டத்தைக் கவர்ந்த ஆகாப் அரசனின் முன் அவர் நிற்கின்றார். மலையிற் செவிகொடுத்தவர் நிலம் பறிக்கப்பட்டவனுக்காக வாய் திறந்தார் என்பதே இக்கதையின் முழுமை.

யாத்திராகமம் இதனினும் அடிப்படையான உண்மையைக் கூறும். அந்நூலில் முதலிற் செவிகொடுப்பவர் இறைவனே. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் பெருமூச்சை அவர் கேட்டார். அதன் பின்னரே மோசேயை அழைத்தார். இறைவனுக்குச் செவிகொடுத்தல் என்பது, அவர் எக்குரலுக்குச் செவிகொடுக்கின்றாரோ அக்குரலைத் தானும் கேட்கப் பழகுதலேயாகும்.

இதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. கேகாலைக்கு அயலான குருநாகல் மாவட்டத்தின் இப்பாகமுவையில், அங்கிலிக்கன் குருவான யோகான் தேவானந்த 1957இல் தேவசரண ஆசிரமத்தைத் தொடங்கினார். தியானத்திற்கும் எளிய துறவு வாழ்வுக்குமென எழுந்த அவ்வாசிரமம், 1970களில் சுற்றுப்புற ஏழை விவசாயிகளின் நிலப் பிரச்சினைக்குச் செவிகொடுத்துத் தன் போக்கையே மாற்றிக்கொண்டது. தியானத்தைக் கைவிட்டமையால் வந்த மாற்றமென இதனைக் கொள்வோர் உளர். தியானம் செவியைத் திறந்தமையால் வந்த மாற்றமெனக் கொள்வதே பொருத்தமாகும்.

இவ்வாறு கூறுதல் செபத்தை அரசியலாகச் சுருக்குவதாகும் என மறுப்போர் கூடும். அம்மறுப்பில் ஓரளவு உண்மையுண்டு. தன் உள்ளத்தை அடக்கிக் கேட்கப் பழகாதவன் மக்களின் பெயரால் தன் குரலையே பேசுவான்; தோட்டத் தொழிலாளருக்காகப் பேசியோர் யாவரும் அவர்களைக் கேட்டுப் பேசியவரல்லர். ஆதலால் மௌனம் வேண்டும். யாருக்கு முதலில் வேண்டும் என்பதே வினா. பேசும் வாய்ப்பு மிக்க குருவானவருக்கும் போதகருக்கும் தலைவருக்கும் படித்தவருக்குமே அது முதற்கண் கடமையாகும்.

தோட்ட மக்களிடமோ அதற்கான வித்து ஏற்கெனவே உண்டு. வெயில் ஏறுமுன் மரத்திற் பால் நன்கு சுரக்குமாதலால், இறப்பர்ப் பால் வெட்டுவோர் விடியற்காலையிலேயே மலைக்குச் செல்வர். மரத்துக்கு மரம் தனியே நடந்து, பட்டையை மெல்லச் சீவி, சிரட்டையில் முதற்றுளி விழுவதைப் பார்த்து நகரும் அவ்வேளை, கதவில்லாதோர்க்கு வாய்த்த தனியறை எனலாம். இயேசுவும் பொழுது புலருமுன் எழுந்து தனித்த இடத்தை நாடியதாக மாற்கு கூறுகின்றார். அபிஷிக்தானந்தரின் நூல் இவ்விடத்தில் உண்மையாகவே பயன்படும். இறைநாமத்தை உள்ளத்துள் தாங்கிச் செல்வதற்கு ஆசிரமம் வேண்டியதில்லை.

எனவே, மௌனத்தை அளக்கும் உரைகல் அதன் ஆழமன்று. அதன் பின் பிறக்கும் சொல்லேயாகும். மௌனத்திலிருந்து எழுந்தவன் அண்டை வீட்டாரின் குரலை முன்னினும் தெளிவாகக் கேட்பானாயின், அவன் கேட்டது இறைவனையே. அக்குரல் தொல்லையாகத் தோன்றுமாயின், அவன் கேட்டது தன் அமைதியை மட்டுமே.