பெயரும் எண்ணும்: போரில் மடிந்தோரை நினைவுகூரும் மரபுகள் – நடுகல்லை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

போரில் மடிந்தோரை நினைவுகூர்தல் மனித இனத்தின் பொதுவழக்கு. அவ்வழக்கு நாட்டிற்கு நாடு மாறுபடுகிறது. சில நாடுகள் கல்லில் பெயர் பொறிக்கின்றன. சில பெயரறியா ஒருவரை எல்லாருக்கும் பதிலியாக அடக்கம் செய்கின்றன. சில மடிந்தோரைத் தெய்வமாக்குகின்றன. தமிழியல் ஆய்வுலகில் இப்பொருள் பேசப்படும் போதெல்லாம் நடுகல் முன்வைக்கப்படுவது இயல்பே. எனினும் பல கட்டுரைகள், 'உலகின் போர் நினைவுச் சின்னங்களுக்கெல்லாம் நடுகல்லே முன்னோடி' என்ற பெருமித முடிவோடு நின்றுவிடுகின்றன. ஐரோப்பிய நினைவிடங்களுக்கும் நடுகல்லுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. ஆகவே முன்னோடி என்னும் சொல் இங்குப் பொருந்தாது. நடுகல்லை முன்னோடியாகக் கொள்ளாது அளவுகோலாகக் கொண்டால் என்ன புலப்படும் என்பதே இக்கட்டுரையின் வினா. அவ்வளவுகோல் பிற நாட்டாரை மட்டும் அளப்பதன்று, நம்மையும் அளப்பதாகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

நடுகல் தரும் அளவுகோல்

தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித்திணைப் பகுதியில் கல் நடுதலைக் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு நிலைகளில் வரையறுக்கிறது. கல்லைத் தேர்வதும், கொணர்வதும், நீராட்டுவதும், நடுவதும், படைப்பதும், வாழ்த்துவதும் என இவை அனைத்தும் செயல்களே. நினைவுகூர்தல் என்பது ஒரு சமூகம் தொடர்ந்து செய்யும் வினை என்ற கருத்து இதில் அடங்கியுள்ளது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்கள் இவ்வரிசையையே தழுவி நிற்பது தமிழறிஞர் நன்கறிந்தது.

சங்கப் பாடல்கள் நடுகல்லில் வீரனின் பெயரும் பெருமையும் பொறிக்கப்பட்டமையைச் சுட்டுகின்றன. எழுத்து மழுங்கிப்போனதால் வழிச்செல்வோர் படிக்க இயலாது நிற்கும் காட்சியும் அகப்பாடல்களில் உண்டு. பெயர் அழிந்தால் நினைவும் அழியும் என்னும் அச்சம் அக்காலத்திலேயே இருந்ததை இதனால் அறியலாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் இவ்விலக்கியச் செய்திக்குத் தொல்லியல் சான்றாயின.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுதியால் பல்லவர் காலக் கற்கள் பல ஆய்வுலகிற்குக் கிடைத்தன. செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல் இவ்வகையில் தனிச்சிறப்புடையது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சுட்டும் இக்கல், கால்நடை காத்து மடிந்த கருந்தேவகத்தி என்பானின் பெயரைக் குறிக்கிறது. அவனருகில் நின்று கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் புரிந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் அது விடாது பொறிக்கிறது.

இவற்றிலிருந்து மூன்று அளவைகளைப் பெறலாம். ஒன்று, மடிந்தவர் பெயர் பெறுகிறாரா? இரண்டு, அவர் எதற்காக, எவ்வாறு மடிந்தார் என்பது சொல்லப்படுகிறதா? மூன்று, அவரை அறிந்த சமூகம் அக்கல்லை அணுக இயலுமா? இம்மூன்றையும் கொண்டு கடந்த நூற்றாண்டின் நினைவிடங்கள் சிலவற்றை நோக்கலாம்.

கல்லில் பெயர், கல்லில் எண்

முதல் உலகப்போரின்போது 1917இல் அரச சாசனத்தின் வழி பேரரசுப் போர்க் கல்லறைகள் ஆணையம் தோற்றுவிக்கப்பட்டது. இன்று பொதுநலவாய ஆணையம் எனப் பெயர் மாறியுள்ள அவ்வமைப்பு, பதவி, இனம், சமயம் ஆகிய வேறுபாடின்றி மடிந்தோர் ஒவ்வொருவரையும் பெயரால் நினைவுகூர்வதைத் தன் கொள்கையாக அறிவித்தது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில், கல்லறை அறியப்படாத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. அங்கு 1928 முதல், செருமானியர் நகரைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகள் நீங்கலாக, நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு ஊதுகொம்பு இசைக்கப்படுகிறது. கல்லோடு வினையும் தொடர வேண்டும் என்ற நடுகல் மரபின் இயல்பு இங்கு வேறொரு வடிவில் நிகழ்கிறது எனலாம்.

அதே 1927இல் பிரான்சின் நவ் சப்பேல் என்னுமிடத்தில் இந்திய வீரர்களுக்கான நினைவிடம் திறக்கப்பட்டது. எர்பர்ட் பேக்கர் வடிவமைத்த அதில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் 1929இல் திறக்கப்பட்ட பசுரா நினைவிடம் இதற்கு நேர்மாறானது. மெசபடோமியாவில் மடிந்த 40,000க்கும் மேற்பட்டோருக்கான அந்நினைவிடத்தில் பெரும்பான்மையினர் இந்தியர். பிரித்தானிய வீரர்கள் பெயரால் குறிக்கப்பட்டனர். இந்தியருள் அதிகாரிகள் மட்டுமே பெயர் பெற்றனர். சிப்பாய்கள் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்னும் எண்ணாக நின்றனர்.

ஒரே அரசு, ஒரே போர், ஒரே படையின் சிப்பாய்கள். பிரான்சில் பெயர், பசுராவில் எண். ஐரோப்பியக் கண் படும் இடத்தில் கொள்கை காக்கப்பட்டது, படாத இடத்தில் கைவிடப்பட்டது என்று இதனை விளங்கிக்கொள்வது பிழையாகாது. எடுத்தனூரில் ஒரு நாய்க்கு வாய்த்த பெயர்ப்பேறு பசுராவில் பல்லாயிரம் மனிதருக்கு வாய்க்கவில்லை. இதைச் சொல்வது உணர்ச்சிப் பெருக்கால் அன்று, கல்வெட்டுச் சான்று காட்டும் வேறுபாட்டால்.

இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் காணப்படும் முதல் உலகப்போர்ப் பளிங்குப் பலகைகளும் இத்தகையனவே. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அவற்றின் வாசகம். தமிழகத்து ஊர்களிலும் இவை உண்டு. ஊராரே அணுகிப் பார்க்கும் இடத்தில் நிற்பதால் மூன்றாம் அளவையை இவை நிறைவு செய்கின்றன. முதல் அளவையில் தவறுகின்றன. எந்த வீட்டு மகன் மடிந்தான் என்பதை அறிந்த ஊரில், அவன் பெயரை அறியாத கல் நிற்கிறது.

ஆணையம் அமைத்த சிறப்புக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை இவ்வேறுபாட்டை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயராலோ அறவேயோ நினைவுகூரப்படவில்லை என்றும் அது கணித்தது. இவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர், ஆசியர், மத்திய கிழக்கு நாட்டினர். கல்லறைக் கல்லைப் பாமரக் குடிகள் உணரவோ மதிக்கவோ மாட்டார்கள் என்று கோல்டு கோஸ்ட் ஆளுநர் 1923இல் கருத்துரைத்ததும் அவ்வறிக்கையால் தெரியவருகிறது. குடியேற்ற மக்களுக்குக் கல்லில் பெயர் வேண்டாம் என்ற இவ்வகை முன்முடிபை, ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் பெயர் பொறித்த ஒரு மரபு மறுத்து நிற்கிறது. நடுகல்லாய்வுக்கு உலக அளவில் உள்ள பயன் இதுவே, முன்னோடிப் பட்டம் அன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2025இல், போரில் உடலுழைப்புப் பணியாற்றி மடிந்த 1,700க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரின் பெயர்களோடு ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. நூற்றாண்டு கழிந்தும் பெயரை மீட்க இயலும் என்பதற்கு அது சான்று.

பெயர்களின் வைப்புமுறை

பெயர் பொறித்தல் மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. அமெரிக்காவின் வாசிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவிடம் இங்கு ஆராயத்தக்கது. அதனை வடிவமைத்த மாயா லின் அப்போது கட்டடக்கலை மாணவி. மண்ணுக்குள் இறங்கும் கருங்கற்சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பதவிக்குறிப்பின்றி, வீழ்ந்த நாள் வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. உடன் வீழ்ந்தோர் கல்லிலும் உடனிருக்கின்றனர். இவ்வடிவம் வீரத்தைப் போற்றவில்லை என எதிர்ப்பு எழுந்ததால், 1984இல் அருகில் மூன்று வீரர்களின் சிலை சேர்க்கப்பட்டது. பெயரைத் தந்து பெருமையை விலக்கிய கல், இரண்டாம் அளவையைக் கேட்போரால் குறையுடையதாகக் கருதப்பட்டது என இதனை நம் புறத்திணை நோக்கில் விளக்கலாம். எனினும் அச்சுவரில் அதே போரில் மடிந்த பல இலட்சம் வியட்நாமியருள் ஒருவரும் இல்லை என்பது கருதத்தக்கது.

பெயரும் மறுப்பும்

பெயர் பெறுதல் எப்போதும் பேறாவதில்லை. சப்பானில் 1869இல் தோன்றிய யாசுகுனி ஆலயத்தில் உடல்கள் இல்லை. ஏறத்தாழ 24,60,000 பெயர்கள் தெய்வங்களாக எழுந்தருளுவிக்கப்பட்டுள்ளன. மடிந்தவரைத் தெய்வமாக்குதலில் இது நடுகல்லை மிக நெருங்கி வருவது. ஆனால் 1978இல் முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் பதினால்வரின் பெயர்களும் அங்குச் சேர்க்கப்பட்டன. சப்பானின் குடியேற்ற ஆட்சியில் படைக்கு எடுக்கப்பட்ட கொரியரும் தைவானியரும் அப்பட்டியலில் உள்ளனர். அவர்தம் குடும்பத்தார் சிலர் பெயர்களை நீக்கக் கோரி நீதிமன்றம் சென்றனர். ஒன்றாய்க் கலந்த தெய்வங்களைப் பிரிக்க இயலாது என்பது ஆலயத்தார் நிலைப்பாடு. பசுராவில் பெயர் மறுக்கப்பட்டது. யாசுகுனியில் பெயர் கைப்பற்றப்பட்டது. இரண்டிலும் மடிந்தவருக்கு உரியோர் கேட்கப்படவில்லை என்பதே பொதுமை.

சப்பானுக்குள்ளேயே இதற்கு மாற்றும் உண்டு. ஒக்கினாவாப் போரின் ஐம்பதாம் ஆண்டில், 1995இல், மபுனி குன்றருகே அமைக்கப்பட்ட 'அமைதியின் மூலைக்கல்' என்னும் நினைவிடத்தில் 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஒக்கினாவா மக்கள், சப்பானியப் படையினர், அமெரிக்கர், கொரியர் என வேறுபாடின்றிப் படையினரும் பொதுமக்களும் அதில் இடம் பெறுகின்றனர். பகைவன் பெயரையும் தன் கல்லில் பொறித்தமை இந்நினைவிடத்தின் தனித்தன்மை. கொரியக் குடும்பங்கள் சில தம்மவர் பெயரைப் பொறிக்க இசையவில்லை. அவ்விசைவு கேட்கப்பட்டதே யாசுகுனியிலிருந்து இதனை வேறுபடுத்துகிறது.

செருமனியின் நிலை வேறு. பெர்லினின் நாய வாக்கே கட்டடத்தில் 1993இல் கேத்தே கோல்விட்சின், இறந்த மகனை மடியிலேந்திய தாயின் சிற்பம் பெரிதாக்கி வைக்கப்பட்டது. அவர் தம் மகனை 1914இல் போரில் இழந்தவர். போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோர் அனைவருக்கும் என்னும் பொருள்படும் வாசகம் அங்குள்ளது. கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் அது ஒன்றாக்குகிறது என்ற கண்டனத்தின் பின், பலியானோரின் வகைகளை விரித்துரைக்கும் பலகை வாயிலில் வைக்கப்பட்டது. பெயரே இல்லாத பொதுமை, பொறுப்பை மறைக்கவும் பயன்படலாம் என்பது இதனால் தெளிவாகிறது.

விடுதலை பெற்ற இந்தியா

தில்லியில் 1931இல் திறக்கப்பட்ட இந்தியா கேட், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் 70,000 வீரர்களுக்குரிய நினைவிடம். எனினும் அதில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்களே பொறிக்கப்பட்டன. அதன் வளைவின்கீழ் 1972இல் ஏற்றப்பட்ட அமர் சவான் சோதி, 2022இல் தேசியப் போர் நினைவிடச் சுடரோடு இணைக்கப்பட்டது. அத்தேசிய நினைவிடம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் யோகேசு சந்திரகாசனின் வடிவமைப்பு இது. ஒருமைய வட்டங்கள் நான்கனுள் ஒன்றான தியாகச் சக்கரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருங்கற்பலகை என 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. விடுதலை பெற்று எழுபதாண்டுகள் கடந்த பின்னரே சிப்பாயின் பெயர் தலைநகரில் கல்லேறியது. முதல் அளவை இங்கு நிறைவேறுகிறது. ஆயினும் விடுதலைக்கு முன் அயல்மண்ணில் எண்ணாக நின்றவர் இவ்வட்டத்துள் வரவில்லை. அவர்கள் பேரரசின் கணக்கிலும் முழுமையாக இல்லை, குடியரசின் கணக்கிலும் இல்லை.

நடுகல்லின் எல்லை

அளவுகோலையும் அளந்து பார்ப்பது திறனாய்வின் கடமை. எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவகத்திக்குப் பெயர் உண்டு, கோவிவனுக்குப் பெயர் உண்டு. நாயால் கடியுண்டவர் யார்? 'இரு' கள்ளர். அவர்கள் எண்ணாகவே நிற்கின்றனர். பசுராவில் சிப்பாய்க்கு நேர்ந்தது எடுத்தனூரில் எதிரிக்கு நேர்ந்திருக்கிறது. ஆநிரை கவர்ந்தோர் தம் ஊரில் வீரராகக் கல் பெறக்கூடும் என்பதும், வெட்சியும் கரந்தையும் ஒரே பூசலின் இரு பக்கங்கள் என்பதும் புறத்திணை மரபே உணர்த்துவன. ஆயினும் ஒரு கல் ஒரு பக்கத்தையே பேசுகிறது. அன்றியும் பூசலில் மாண்ட பொதுமக்களுக்கு நடுகல் மரபில் இடம் அரிது. இப்புள்ளியில் ஒக்கினாவாவின் கல் நடுகல்லைக் கடந்து நிற்கிறது என்பதைத் தயக்கமின்றி ஏற்க வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன:

போரில் மடிந்தோர் பெயரா, எண்ணா என்னும் வேறுபாடு கலைநோக்கால் எழுவதன்று, அதிகாரத்தால் எழுவது. யாரை மனிதராக எண்ணினரோ அவருக்குப் பெயர் வழங்கினர்.

பெயர் பொறித்தலும் உரியோரின் இசைவு இன்றேல் நீதியாகாது. பசுராவும் யாசுகுனியும் எதிரெதிர்த் திசையில் நின்று இதனையே காட்டுகின்றன.

நடுகல் உலக நினைவிடங்களின் தாய் அன்று. அவற்றை வினவுதற்குரிய ஒரு கருவி. அக்கருவி நம் மரபையும் வினவவல்லது.

தமிழகத்து ஊர்களில் நிற்கும் முதல் உலகப்போர்ப் பளிங்குப் பலகைகள் நடுகற்களைப் போன்றே களஆய்வு செய்து தொகுக்கப்பட வேண்டியவை. பல்லவர் காலக் கல்லைத் தேடிக் காடுமேடு அலையும் நாம், நூறாண்டுக்கு முந்தைய பலகையைக் கடந்து செல்கிறோம். ஊர்வழக்காறு, குடும்ப நினைவு, படை ஆவணம் ஆகியவற்றை ஒப்பிட்டு அவ்வெண்களுக்குரிய பெயர்களை மீட்பது தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணி. அப்பணி நிகழுங்கால் காட்சி முதலான ஆறு நிலைகளும் இலக்கணச் செய்தியாக மட்டும் நில்லாது மீண்டும் வினைகளாகும்.