ஒற்றை முன்பல்

பல் அழகு சிகிச்சையில் மிகக் கடினமான வேலை எது என்று அனுபவமுள்ள பல் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பல்லின் முகப்பில் வினியர் என்னும் மெல்லிய ஓட்டை ஒட்டுவதை அவர் சொல்ல மாட்டார். மேல்வரிசையின் நடுவே நிற்கும் இரண்டில் ஒன்றை மட்டும் செயற்கையாகச் செய்து, பக்கத்துப் பல்லோடு இணைசேர்ப்பதைத்தான் சொல்வார். பத்தும் புதிதென்றால் பத்தும் ஒன்றுபோல அமைந்துவிடும். ஒன்று மட்டும் புதிதென்றால், பக்கத்தில் ஒட்டி நிற்கும் அசல் பல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அகலம் எட்டரை மில்லிமீட்டர், நீளம் பத்தரை. இந்தச் சின்ன இடத்துக்குள் நடக்கும் கலை பெரியது.

அசல் பல் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். வெள்ளை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால் அந்த வார்த்தை போதாது என்று புரியும். ஈறை ஒட்டிய இடத்தில் எனாமல் மெல்லிசு. அதனால் உள்ளிருக்கும் டென்டினின் மஞ்சள் அங்கே வெளியே தெரிகிறது. நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும். நுனிக்கு வரவர டென்டின் முடிந்துபோய் எனாமல் மட்டுமே மிஞ்சும். அங்கே நீலமும் சாம்பலும் கலந்த ஒரு தெளிவு. அந்தத் தெளிவுக்குள் டென்டின் மூன்று விரல்களாக இறங்கி நிற்பது இளம் பற்களில் தெரியும். அதற்கும் கீழே, பல்லின் விளிம்பில் மயிரிழை போல ஒரு வெண்கோடு. போதாததற்கு எனாமலுக்கு வானத்தின் குணமும் உண்டு. முன்னாலிருந்து ஒளி பட்டால் நீலம் காட்டும், பின்னாலிருந்து ஒளி வந்தால் அந்திச் செம்மை காட்டும். நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் விளைவுதான் வானத்திலும் எனாமலிலும்.

இத்தனையையும் ஒரு லேபில் உட்கார்ந்து உருவாக்கியாக வேண்டும். முதல் படி நிறம் தேர்வது. பல் மருத்துவர் மேஜையில் இருக்கும் ஷேட் கைடைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956-இல் கொண்டுவந்த வரிசை அது. ஏ1 முதல் டி4 வரை பதினாறு மாதிரிகள். நிறம் தேரும் மருத்துவரின் ஒழுங்கே தனி அழகு. உதட்டுச்சாயத்தைத் துடைக்கச் சொல்வார். பளீரென்ற சேலையைச் சாம்பல் நிறத் துணியால் மூடுவார். வேறெந்த வேலையும் தொடங்குமுன் நிறத்தைக் குறித்துவிடுவார், ஏனெனில் வாய் திறந்தே இருந்தால் பல் உலர்ந்து, இருப்பதைவிட வெளுத்துக் காட்டும். மாதிரியைப் பல்லருகே வைத்துச் சில விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடுவார். உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண் சோர்ந்து ஏமாறும். பிறகு ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பார். சாயலில் சிறு பிசகு இருந்தால் கண் மன்னித்துவிடும். வெளிச்சம் இருட்டு அளவில் பிசகினால் மன்னிக்காது.

அடுத்தது செராமிக் டெக்னீஷியனின் கை. பொடியை நீர்மத்தில் குழைத்து, தூரிகை நுனியில் எடுத்து, துளித்துளியாகப் பல்லைக் கட்டுகிறார். முதலில் டென்டின் நிறத்தில் முழு உருவம். பிறகு நுனிப்பக்கம் கொஞ்சம் வெட்டி எடுத்து, அந்த மூன்று விரல்களைச் செதுக்குகிறார். விரல்களின் இடுக்கில் நீலச் சாயல் பொடி, விளிம்பில் வெண்கோட்டுக்கு ஒரு இழை, எல்லாவற்றுக்கும் மேலே எனாமல் பொடியின் போர்வை. சூளையில் வேகும்போது இது நன்றாகச் சுருங்கும். அதனால் வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே கட்டவேண்டும். வேகாத பொடி வெறும் சுண்ணாம்புக் குழம்பாகத்தான் தெரியும். எந்த நிறம் எங்கே இருக்கிறது என்பது அவர் மனதில் மட்டுமே இருக்கிறது. ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்திலிருந்து வெளியே வந்த பிறகுதான் அவர் நினைத்தது கண்ணுக்குப் புலப்படும்.

நிறம் அமைந்துவிட்டால் மேற்பரப்பு. அசல் பல்லில் குறுக்கே மிக நுண்ணிய வரிகள் ஓடுகின்றன. எனாமல் படிப்படியாக வளர்ந்ததன் தடம் அது. வயதாக ஆகத் தேய்ந்து மறையும். இருபது வயதுக்காரருக்கு அந்த வரி வேண்டும், அறுபது வயதுக்காரருக்கு வழவழப்பு வேண்டும். டெக்னீஷியன் வெள்ளிப் பொடியைத் தடவி மேடுபள்ளத்தைத் துலக்கிப் பார்த்து, வைர முனையால் வரியிட்டு, ரப்பர் சக்கரத்தால் மெருகேற்றுகிறார்.

இந்தத் தொழிலில் நான் மிகவும் ரசிக்கும் நுட்பம் ஒன்று உண்டு. இடைவெளி ஒரு பல்லுக்குச் சற்று அதிகமாகிவிட்டது, புதுப் பல் பக்கத்துப் பல்லைவிட அகலமாக வந்தே தீரும் என்று வையுங்கள். பல்லின் முகப்பில் இடமும் வலமும் ஒளியைத் தெறிக்கவிடும் இரண்டு மேடுகள் உண்டு. கண் அகலத்தை அளப்பது அந்த இரண்டுக்கும் நடுவில்தான். மேடுகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தால், மிச்சப் பகுதி பக்கவாட்டில் மடிந்து நிழலுக்குள் போய்விடும். அகலமான பல் அளவான பல்லாகத் தெரியும். நிறத்தில் கைவைக்காமல், ஒளி விழும் இடத்தை மட்டும் நகர்த்திச் செய்யும் வேலை!

இவ்வளவு நயத்தையும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வினியர் தாங்குவதற்கு, ஒட்டும் கலை வளரவேண்டியிருந்தது. 1930-களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்குச் செய்த மெல்லிய பல்லோடுகள் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவைக்கவேண்டியவை. குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் விழுந்த பால்பல் திரையில் தெரியாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். 1955-இல் மைக்கேல் புவனகோர், எனாமலை அமிலத்தால் லேசாக அரித்தால் பிசின் உறுதியாகப் பிடிக்கும் என்று காட்டினார். 1983-இல் சைமன்சனும் கலாமியாவும் போர்சலினையும் அவ்வாறே அரித்து ஒட்டலாம் என்று நிறுவினார்கள். கழற்றிவைத்த ஓடு, நிலைத்த பல்லானது.

எல்லாச் சிரிப்புக்கும் வினியர் வேண்டியதில்லை. மொத்தப் பல்லும் மங்கியிருந்தால் ப்ளீச்சிங் போதும். நுனி உடைந்திருந்தால் காம்போசிட் என்னும் பல்நிறப் பிசினை அடுக்கி அடுக்கி ஒரே அமர்வில் கட்டிவிடலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரின் ஃப்ளூரைடால் வரும் வெண்திட்டு லேசாக இருந்தால், அதற்கு ஓர் அற்புதமான வழி இருக்கிறது. திட்டு என்பது சாயம் இல்லை; எனாமலுக்குள் இருக்கும் நுண்துளைகள். எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, துளையில் நிற்கும் காற்றுக்கு 1. அந்த ஏற்றத்தாழ்வில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளை தெரிகிறது. மேற்பரப்பை அமிலத்தால் திறந்து, 1.52 கொண்ட பிசினை உறிஞ்சவிட்டால் சிதறல் அடங்கும், திட்டு கரையும். பிசினுக்கு முன்னால் பல்லை உலர்த்த எத்தனால் விடுவார்கள். அது பட்ட கணமே திட்டு மங்கிக் காட்டி, முடிவு எப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். பல்லைத் துளைக்காமல், தீட்டாமல், ஒளிக்கு வழிவிட்டே செய்யும் சிகிச்சை.

ஆக, முன்பல்லுக்கு வேலை செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருப்பதிலேயே வெள்ளையான ஷேட்டைக் கேட்காதீர்கள். உங்கள் பக்கத்துப் பல்லைக் கேளுங்கள். நிரந்தரமாக ஒட்டுமுன் பொருத்திக் காட்டுவார்கள். நாற்காலி விளக்கடியில் மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடாமல், எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டிலும் பாருங்கள். ஒரு விளக்கில் இணையும் நிறம் இன்னொன்றில் பிரியக்கூடும். எல்லா வெளிச்சத்திலும் எது புதுப் பல் என்று உங்களுக்கே சந்தேகம் வந்தால், அந்த டெக்னீஷியனின் பெயரைக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஊர் கண்ணில் படாமல் இருப்பதுதான் அவர் வேலையின் வெற்றி என்பதால், அவரைப் பாராட்டக்கூடியவர் நீங்களும் மருத்துவரும் மட்டுமே.